நாய்கள் மட்டும் திரும்பி வந்தபோது

மணிமேகலையின் 29ஆம் காதையை நடத்த எங்கள் துறையில் யாரும் ஆசைப்படுவதில்லை. கதை அங்கே நின்றுவிடுகிறது. உதயகுமாரன் இல்லை, காயசண்டிகை இல்லை, பசிப்பிணி இல்லை. காஞ்சியில் அறவண அடிகள் பேசுகிறார், மணிமேகலை கேட்கிறாள். பேச்சின் பெரும்பகுதி தருக்கம். அமுதசுரபி ஏந்தி ஊருக்கெல்லாம் சோறு போட்ட மணிமேகலையைத் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். எது சரியான முடிவு, எது போலி முடிவு என்று உட்கார்ந்து பாடம் கேட்ட மணிமேகலையை நாம் அவ்வளவாக அறிமுகம் செய்து வைப்பதில்லை. சோறு போடும் பெண் நினைவில் தங்குகிறாள். வாதம் படித்த பெண் தங்குவதில்லை. அந்த வருத்தத்தினாலேயே ஒவ்வோர் ஆண்டும் அந்தக் காதையை நான் கேட்டு வாங்கி நடத்துகிறேன்.

நான் வேலை பார்க்கும் கல்லூரி ஜவ்வாது மலைக்குக் கீழே இருக்கிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். வகுப்பின் சன்னலில் மலை தெரியும். அறவண அடிகள் சொல்லும் முதல் எடுத்துக்காட்டும் மலைதான் என்பதால் எனக்குப் பாடம் தொடங்குவது எளிது.

இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. இது பக்கம், அதாவது நாம் நிறுவ விரும்புவது. ஏனென்றால் புகை இருக்கிறது. இது ஏது. அடுக்களையைப் போல. இது திட்டாந்தம். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இருக்காது, தண்ணீரைப் போல என்று எதிர்மறையாகவும் ஒரு திட்டாந்தம் உண்டு. இந்தியத் தருக்க நூல்கள் பலவற்றுக்கும் பொதுவான எடுத்துக்காட்டு இது. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவை மனிதர்கள் அடுக்களையில்தான் கற்றார்கள் என்று அந்த நூல்களே ஒப்புக்கொள்கின்றன. ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்தவளுக்கு அந்த அறிவு உடம்பிலேயே உண்டு. ஆனால் அதை வைத்து வாதம் செய்ய மன்றத்துக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மணிமேகலைகூட வஞ்சி நகரத்தில் சமயக் கணக்கர்களிடம் கேட்கப் போனபோது ஆண் துறவியின் வடிவத்தில்தான் போனாள். இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் பொருள் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது.

அறவண அடிகள் சரியான அனுமானத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. போலிகளை அடுக்குகிறார்: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. சரியான முடிவுக்கு வழி ஒன்று, தவறான முடிவுக்கு வழி 33 என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதில் ஒன்று எங்கள் சன்னலுக்கென்றே எழுதியது போல இருக்கும். தூரத்தில் தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராமலேயே அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிவது ஒரு போலி. மார்கழிக் காலையில் ஜவ்வாது மலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒருமுறை, பயிற்சிக்காக, அந்த மலையின் கதை ஒன்றையே எடுத்துக்கொண்டோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடிகள் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, தமிழ் பேசுகிறவர்கள். மலையில் வாழ்கிறவர்கள் என்பதே பெயரின் பொருள். அவர்களின் தோற்றம் பற்றிய கதை ஒன்று வட ஆற்காடு மாவட்டம் குறித்த ஆங்கிலேயர் கால நூலில் பதிவாகி, 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' தொகுதிகளிலும் இடம்பெற்றது. மலையாளிகளிடம் ஒரு சிறிய ஓலைச்சுவடியில் இந்தக் கதை காக்கப்பட்டிருந்தது என்கிறது பதிவு. ஆண்டும் உண்டு: சகம் 1055, அதாவது கி.பி. 1132.

கதை இது. கங்குந்தியைச் சேர்ந்த வேடர் சிலர், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் இகழ்ந்து மறுத்தார்கள். கோபம் கொண்ட வேடர் ஏழு வேளாளக் கன்னியரைத் தூக்கிச் சென்றார்கள். அவர்களை மீட்க ஏழு வேளாள ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். புறப்படுமுன் மனைவிமாரிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்கள்: நாய்கள் மட்டும் தனியே திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டோம் என்று கொள்ளுங்கள், இறுதிச் சடங்குகளைச் செய்துவிடுங்கள்.

பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தட்டுத்தடுமாறிக் கடந்துவிட்டார்கள். நாய்கள் பாதி ஆறு நீந்தி, முடியாமல் திரும்பி, காஞ்சிக்கே வந்துவிட்டன. ஆண்கள் கங்குந்திக்குப் போய் வேடரைக் கொன்றார்கள். ஊர் திரும்பினார்கள். அங்கே அவர்களுக்குக் கருமாதி முடிந்திருந்தது. மனைவியர் விதவைகளாகியிருந்தார்கள். இறந்தவர்களாகிவிட்ட அந்த ஆண்களுக்குச் சாதியில் இடமில்லை. அவர்கள் வேடப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலையேறி உழவு செய்தார்கள். அவர்கள் வழி வந்தவர்களே மலையாளிகள்.

நான் சொல்லி முடித்ததும் மலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "அம்மா, நாய் திரும்பி வந்தா ஆளு செத்துட்டாருன்னு எப்படிம்மா ஆகும்? நாய் பயந்துகூட வந்திருக்கலாமே?"

இதே கேள்வியைத்தான் 29ஆம் காதையும் கேட்கிறது. ஏது என்பது நிறுவ வேண்டிய பக்கத்தில் மட்டும் நிற்க வேண்டும்; அதற்கு எதிரான பக்கத்திலும் நின்றால் அது போலி. சாதாரணம் என்பது அதன் பெயர், இரண்டுக்கும் பொது என்று பொருள். எசமானர் இறந்தாலும் நாய் திரும்பி வரும். எசமானர் உயிரோடு அக்கரையில் நின்றாலும், ஆறு பெரிதாக இருந்தால் நாய் திரும்பி வரும். நாய் வந்தது என்பதிலிருந்து சாவும் பின்தொடராது, வாழ்வும் பின்தொடராது. 27ஆம் காதையில் அளவைவாதி சொல்லும் அனுமானங்களில் ஒன்று, ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்திருக்கிறது என்று அறிவது. காஞ்சிக்குப் பாலாறு அதிகத் தொலைவில்லை. ஆற்றில் வெள்ளமா என்று ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் நாய்களின் வருகைக்கு இன்னொரு காரணம் கிடைத்திருக்கும்.

ஆனால் அந்தப் பெண்களை நாம் அவசரப்பட்டுக் குறை சொல்லிவிடக் கூடாது. அவர்கள் ஊகிக்கவில்லை. ஊகத்தை முன்கூட்டியே செய்து, முடிச்சுப் போட்டு, கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஆண்கள். இன்னது நடந்தால் இன்னது பொருள் என்ற விதி அவர்களுடையது. அதை நிறைவேற்றும் கடமை மட்டும் மனைவியருடையது. போய்ப் பாருங்கள், விசாரியுங்கள், காத்திருங்கள் என்ற சொல் எதுவும் அந்த விதியில் இல்லை. முடிவு தவறானால் தாலியை இழப்பது யார் என்ற எண்ணமும் அதில் இல்லை.

இதைவிடக் கொடுமை அடுத்தது. கணவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். பௌத்தத் தருக்கம் இரண்டே அளவைகளை ஏற்கும்: காட்சி, கருத்து. கருத்தளவு கண்முன் நிற்கும் காட்சியோடு மோதினால் அந்தப் பக்கமே போலி. பிரத்தியக்க விருத்தம் என்று முதல் போலியாக வைக்கப்படுவது அதுதான். மூச்சுவிட்டு நிற்கும் மனிதரை இறந்தவர் என்பது அந்த வகை. ஆனால் கதையில் காட்சி தோற்கிறது, சடங்கு வெல்கிறது. செய்த கருமாதியைச் செய்யாததாக்க வழியில்லை. தன்சொல் மாறிப் பேசும் போலிக்கு அறவண அடிகள் காட்டும் எடுத்துக்காட்டு, என் தாய் மலடி என்று ஒருவன் சொல்வது. அடுக்களைக்கு அடுத்து பெண்ணின் வயிறு எடுத்துக்காட்டாகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கணவன் உயிரோடு இருக்கும் விதவை என்பது அதே வகை முரண்தான். மலடியான தாயைத் தருக்கம் சிரித்து ஒதுக்கிவிடும். கணவனுள்ள விதவையை ஊர் ஒதுக்கிவைத்து அந்த முரணைக் காப்பாற்றுகிறது.

*

கதைக்குள் நடந்த தவறு ஒன்று. கதையை வைத்து வெளியே செய்யப்பட்ட தவறுகள் வேறு.

முதலாவது, பனியைப் புகை என்று கொண்டது. சகம் 1055 என்று ஓர் எண் இருப்பதால் கதை வரலாறாகிவிடாது. ஒரு குலம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதையில், நடந்ததும் இருக்கும், நடந்திருக்க வேண்டும் என்று விரும்பியதும் இருக்கும். ஏழு பெண்கள், ஏழு ஆண்கள், ஏழு நாய்கள் என்ற கணக்கே அது கதையின் எண் என்று காட்டிக்கொடுக்கிறது. ஏது எது என்றே உறுதியில்லாதபோது, அதன்மேல் உறுதியான முடிவு கட்ட முடியாது.

இரண்டாவது தவறு எங்கள் மாணவிகளின் வாழ்க்கையைத் தொடுவது. காலனியக் காலத்துப் பதிவாளர்கள் மலையாளிகளைச் சமவெளித் தமிழரிலிருந்து பெரிதும் வேறுபடாதவர்கள், பிற்காலத்தில் மலையேறியவர்கள் என்று எழுதினார்கள். அதற்கு இந்தக் கதைகளும் துணையாக நின்றன. இன்றும் அந்த வாதம் உயிரோடு இருக்கிறது. சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் நின்றபோது, மலையாளி என்றால் கேரளாவா என்று முதலில் கேட்டார்களாம். இல்லை என்று விளக்கியதும், உங்கள் கதைப்படி நீங்கள் காஞ்சிபுரத்து வேளாளர்தானே, எப்படிப் பழங்குடி ஆவீர்கள் என்று கேட்டார்களாம். கேள்வி கேட்ட மாணவிதான் இதையும் சொன்னாள்.

இந்த வாதத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஏழு வேளாள ஆண்கள் வேடப் பெண்களை மணந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் மலையாளிகள். ஆகவே மலையாளிகள் வெளியிலிருந்து வந்த வேளாளர். நடுவில் சொல்லாமல் விட்ட ஒரு படி இருக்கிறது: பிள்ளை தகப்பனுடையது, தகப்பனுடையது மட்டுமே. அந்தப் படியைச் சேர்த்தால்தான் முடிவு பின்தொடரும். அதை எடுத்துவிட்டால், கதையை எழுத்துக்கு எழுத்து நம்பினாலும், மலையாளிகளின் முதல் தாய்மார் எல்லோரும் வேடப் பெண்கள். காட்டையும் வேட்டையையும் அறிந்திருந்தவர்கள் அவர்கள். பேற்றையும் பாலையும் பேச்சையும் கொடுத்தவர்கள் அவர்கள். அதே கதையிலிருந்து, மலையாளிகள் வேடர் வழியினர் என்ற முடிவையும் அவ்வளவே உறுதியோடு எடுக்கலாம். எடுத்தவர் இல்லை. தகப்பன் வழி மட்டுமே வழி என்பது யாருக்கும் ஒரு படியாகவே தோன்றவில்லை. காற்றைப் போல அது எங்கும் இருந்தது. பெண்ணிய வாசிப்பு என்று நாம் சொல்வதில் பாதி வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: வாதத்தில் வாய்விட்டுச் சொல்லப்படாத படியைக் கண்டுபிடித்து வெளியே எழுதிவைப்பது.

பட்டியலும் தன் பங்குக்கு ஓர் ஊகம் செய்கிறது. தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயரோடு தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டங்களின் பெயர்களும் சேர்ந்தே வருகின்றன. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை அந்த எல்லைக்கு வெளியே. அங்குள்ள மலையாளிகள் நீண்ட காலமாக உரிமை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டக் கோட்டைத் தாண்டினால் பழங்குடி பழங்குடியாக இல்லாமல் போவது எந்த ஏதுவால் என்று அறவண அடிகளிடம்தான் கேட்க வேண்டும்.

*

கதையில் வரும் பெண்களுக்கு வருவோம். கடத்தப்பட்ட கன்னியர், கைம்பெண்ணான மனைவியர், மணக்கப்பட்ட வேடப் பெண்கள். ஒருவருக்கும் பெயரில்லை.

கடத்தப்பட்ட ஏழு பேரை மீட்கத்தான் பயணம். வேடர் கொல்லப்பட்டார்கள் என்று கதை சொல்கிறது. பெண்கள் வீடு திரும்பினார்களா என்று சொல்லவில்லை. உயிரோடு வந்த ஆண்களையே ஏற்காத ஊர், வேடர் வீட்டிலிருந்து வந்த பெண்களை ஏற்றிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கலாம், பதில் சொல்லிவிடக் கூடாது.

வேடர் பெண் எடுத்தது கடத்தல், அதற்குத் தண்டனை மரணம். வேளாளர் வேடப் பெண்களை எடுத்தது திருமணம், அதற்குப் பரிசு ஒரு மலை. கொல்லப்பட்ட வேடர்களுக்கு அந்தப் பெண்கள் யார்? மனைவியரா, தங்கையரா, யாருமில்லையா? திருமணம் என்ற சொல்லிலிருந்து சம்மதம் பின்தொடராது. அதே சொல்லிலிருந்து, நம் கோபத்துக்காக, வன்முறையும் பின்தொடராது. பின்தொடர்வது ஒன்றுதான்: அவர்கள் என்ன சொன்னார்கள் என்று பதிந்துவைக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை.

மலைக்குத் தெற்கே செங்கம் வட்டாரம். பல்லவர் கால நடுகற்களுக்குப் பெயர்பெற்ற நிலம். ஆநிரை கவர்ந்தவர்களும் மீட்டவர்களும் ஊர் காத்தவர்களும் அங்கே கல்லாகி நிற்கிறார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் உண்டு. வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். பெயர் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. சுமார் 1400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும். அந்த நாய்க்குச் சோறு வைத்தவளின் பெயர் தெரியாது.

இங்கும் அவசரம் ஆகாது. நடுகற்களில் பெண் பெயர்கள் அரிது என்பதிலிருந்து, பெண்கள் மாடு காக்கவில்லை, கள்வரை எதிர்க்கவில்லை என்பது பின்தொடராது. கல் நட்டவர்கள் யாரை நினைக்க விரும்பினார்கள் என்பதைத்தான் கல் சொல்லும். யார் இருந்தார்கள் என்பதை முழுக்கச் சொல்லாது. நம் வரலாற்று நூல்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டே வந்திருக்கின்றன.

*

இது பழங்கதை ஆராய்ச்சி என்று யாராவது நினைத்தால் 2015 ஏப்ரல் 7ஐ நினைவூட்ட வேண்டும். திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். தாக்க வந்தார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. வழக்கு தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. தப்பியவர்களில் ஒருவர் பேருந்தில் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். அவளுடைய கணவர் என்று எண்ணி விட்டுவிட்டார்களாம். செய்தித்தாள்களில் வந்த இந்த ஒரு வரியை என்னால் மறக்க முடியவில்லை. பக்கத்தில் பெண் இருந்தால் கணவன், இல்லாவிட்டால் கடத்தல்காரன். ஏது இரண்டு பக்கமும் நின்றது. ஓர் ஊகம் ஒருவரைக் காப்பாற்றியது. இன்னோர் ஊகத்தால் மலையில் எத்தனையோ வீடுகளில் பெண்கள் கைம்பெண்களானார்கள்.

சட்டமும் ஊகிக்கத்தான் செய்கிறது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி, கேள்விப்பட வேண்டியவர்கள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்று 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொன்னது. 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. ஆனால் அவர் உயிரோடு வந்து நின்றால் அந்த ஊகம் விழுந்துவிடும். காஞ்சியின் சடங்குக்கு இல்லாத கதவு அது.

கடலுக்கு அப்பால், கதைக்கு நேர் எதிரான பெண்களும் இருக்கிறார்கள். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தாய்மார், மனைவியர். இத்தனை ஆண்டுகள் வரவில்லை, ஆகவே இறந்துவிட்டார், மரணச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டபோது அவர்களில் பலர் மறுத்தார்கள். 2016இல் இலங்கையில் மரணச் சான்றிதழுக்கு மாற்றாக, காணாமற்போனமைக்கான சான்றிதழுக்குச் சட்டம் இடம் கொடுத்தது. மறுப்பவர்களைப் பார்த்து, உண்மையை ஏற்க முடியாத பாவம் என்று இரங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் பிடித்துக் கொண்டுபோனவர் யார், எங்கே வைத்திருந்தீர்கள் என்ற கேள்விக்கு விடை வராமல், வரவில்லை என்பதிலிருந்து இறந்தார் என்பதற்குத் தாண்ட மாட்டோம் என்கிறார்கள். அது தருக்கத்தின் மிகக் கண்டிப்பான இடம். காஞ்சிப் பெண்களுக்குக் கொடுக்கப்படாத உரிமையை அவர்கள் தெருவில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார்கள்.

*

அன்று வகுப்பு முடியும் நேரத்தில் கரும்பலகையில் எழுதினேன்: "கன்னியர் 7, மனைவியர் 7, வேடப் பெண்கள் 7. மொத்தம் 21 பெண்கள். ஒருவருக்கும் பெயரில்லை." எனக்கே அது நல்ல முடிவாகத் தோன்றியது.

முதலில் கேள்வி கேட்ட அதே மாணவி மறுபடியும் எழுந்தாள். "அம்மா, வேடப் பெண்கள் ஏழு பேர்னு கதையில இல்லையே. சில பேர்னுதானே படிச்சீங்க? ஆளுக்கு ஒரு பொண்டாட்டின்னும் சொல்லலையே."

புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஏழு ஆண்கள் என்றதும் ஏழு மனைவியர், ஏழு மணப்பெண்கள் என்று நானே நிரப்பிக்கொண்டிருந்தேன். ஆண்களை எண்ணி, அந்த எண்ணையே பெண்களுக்கும் வைத்துவிட்டேன். பெண்களைத் தனியே எண்ண வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

21ஐ அழித்தேன். கன்னியர் 7 என்பதை மட்டும் விட்டுவைத்தேன். மற்ற இரண்டு இடங்களும் வெறுமையாக இருந்தன. அடுத்த வகுப்புக்கான மணி அடித்தது. பலகையைத் துடைக்காமல் வெளியே வந்தேன்.